நவம்பரில் விழுந்த பனி

கனடாவின் கல்கரியில் என்னோடு மலைக்கு வருகிறவர்கள் பலர் டிசம்பர் கடைசியில்தான் ஸ்கீயை வெளியே எடுப்பார்கள். நான் நவம்பர் முதல் வாரமே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவேன். அப்போது ராக்கி மலையில் சறுக்கும் அளவுக்குப் பனி இருக்காது. பல இடங்களில் முழங்கால் உயரம்கூட வராது, பாறையும் புதரும் வெளியே தெரியும். ஆனால் அந்தக் கொஞ்சப் பனிக்கு அடுத்த சில வாரங்களில் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான், பிப்ரவரியில் எந்தச் சரிவில் கால் வைக்கலாம், எதைப் பனிச்சரிவுக்குப் பயந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது முடிவாகிறது.

நான் சொல்வது ரிசார்ட்டில் லிஃப்டில் ஏறிச் சறுக்குவதைப் பற்றி அல்ல. அங்கே காலையிலேயே ஆட்கள் வெடி வைத்துப் பனியை இறக்கிவிட்டு, பாதுகாப்பு என்று தெரிந்த பிறகுதான் வழியை மறித்த கயிற்றை எடுப்பார்கள். பேக்கன்ட்ரி என்பது வேறு. ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் மலையேற வேண்டும். மேலே போய்ப் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். நமக்காக யாரும் வெடி வைத்திருக்க மாட்டார்கள். ‘இன்று இந்தச் சரிவு சரியாக இருக்கிறது’ என்று சொல்லவும் ஆள் இல்லை. முடிவு முழுக்க நம்முடையது.

திருநெல்வேலியில் வளர்ந்தவள் நான். இங்கே வரும்வரை பனிச்சரிவு என்றால் திடீரென்று வருவது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது, விதி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. பெரும்பாலான பனிச்சரிவுகளுக்குக் காரணம் பல நாள், சில சமயம் பல வாரம் முன்பே மலையில் உருவாகிவிடுகிறது. அதைத் தேடிப் படிக்கலாம். அதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பனிக்குள் என்ன நடக்கிறது

பூமிக்குள் வெப்பம் இருக்கிறது. அதனால் பனி மூடிய தரை ஏறக்குறைய 0 டிகிரியிலேயே இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் 40 சென்டிமீட்டர் பனிதான் இருக்கிறது என்றால், அந்தக் கொஞ்ச உயரத்துக்குள் 20 டிகிரி வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 5 டிகிரி. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே பனியின் உருவம் மாறத் தொடங்கிவிடும் என்பது பனி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. இங்கே அதைப்போல ஐந்து மடங்கு.

கீழே இருக்கும் துகள்களிலிருந்து நீராவி கிளம்பி, மேலே இருக்கும் குளிர்ந்த துகள்களில் போய்ப் படிகிறது. இப்படியே நாள்கணக்கில் நடக்கும்போது ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்த சின்னத் துகள்கள், பட்டை பட்டையான பெரிய படிகங்களாக மாறுகின்றன. ஒன்றை ஒன்று பிடிப்பதில்லை. கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் கொட்டிவிடும். இதை ஃபேசெட் என்பார்கள். தரையை ஒட்டி இன்னும் பெரிதாக வளர்ந்தால் டெப்த் ஹோர்.

இதே மைனஸ் 20-இல் 3 மீட்டர் பனி இருந்தால்? 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிகூட வராது. துகள்கள் உருண்டையாகி ஒன்றோடொன்று இறுகும். அதனால்தான் பனி குறைவாக இருக்கும் இடம் பாதுகாப்பான இடம் என்ற நினைப்பு எனக்குக் கவலை தருகிறது. கல்கரிக்கு அருகில் இருக்கும் ராக்கி மலையில் பனி குறைவு, குளிர் அதிகம். அடியில் வலுவில்லாத அடுக்கு இங்கே ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி. மேற்கே 340 கிலோமீட்டர் ஓட்டிப்போனால் செல்கர்க் மலைத்தொடரில் ரோஜர்ஸ் கணவாய். அதன் அருகே 1,905 மீட்டர் உயரத்தில் இருக்கும் மவுண்ட் ஃபிடெலிட்டி வானிலை நிலையத்தில் ஓர் ஆண்டில் சுமார் 14 மீட்டர் பனி பொழிகிறது. அங்கே பிரச்சினைகளின் குணமே வேறு. ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது.

இன்னொரு அடுக்கு இருக்கிறது, சர்ஃபேஸ் ஹோர். ஜனவரியில் நாலைந்து நாள் வானம் தெளிந்து, காற்றே இல்லாமல் இருக்கும். இரவில் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகும், காற்றின் ஈரம் அதன்மேல் படிகமாக நிமிர்ந்து நிற்கும். சில இடங்களில் விரல்நுனி அளவு வளரும். காலை வெயிலில் சரிவு முழுக்க மின்னும். ஸ்கீயால் தொட்டால் சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நான் பார்த்ததில் மிக அழகானது அதுதான். பிறகு புயல் வந்து அதன்மேல் 50 சென்டிமீட்டர் புதுப்பனியைக் கொட்டிவிட்டுப் போகும். அந்தப் படிகங்கள் நிமிர்ந்த நிலையிலேயே உள்ளே புதைந்து, மேலே ஒரே தகடாக இறுகும் பனிக்கு, அதாவது பாளத்துக்கு, வழுக்குத் தளமாகிவிடும். முன்னறிவிப்பு எழுதுகிறவர்கள் அந்த அடுக்குக்கு அது புதைந்த தேதியையே பெயராக வைப்பார்கள். ஜனவரி 5 அடுக்கு என்று ஒன்று எழுதியிருந்தால், பிப்ரவரி நடுவிலும் அந்தப் பெயர் முன்னறிவிப்பில் வருகிறதா என்று தேடிப் பார்ப்பேன்.

என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: எந்தத் தேதியில் என்ன புதைந்தது, எந்த உயரத்தில், எந்தத் திசை நோக்கிய சரிவில். மூன்று மூலப்பொருள் சேர்ந்தால் பாளச்சரிவு வரலாம்: மேலே கொஞ்சம் இறுகிய பாளம், அடியில் வலுவில்லாத அடுக்கு, 30 முதல் 45 டிகிரி சாய்வு. அதைக் கிளப்பிவிட ஒரு மனிதரின் எடை போதும். பனிச்சரிவில் சிக்கி இறப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அந்தப் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது அவரோ அவரோடு வந்தவரோதான். மலை தானாக வந்து விழுவது குறைவு. இது எனக்கு நம்பிக்கை தருகிற விஷயம். நாம் போகாவிட்டால் பெரும்பாலும் அது நடக்காது.

நிறம் மட்டும் போதாது

நாட்டின் பனிச்சரிவு மையமான அவலாஞ்ச் கனடா நாள்தோறும் மாலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. பான்ஃப், ரோஜர்ஸ் கணவாய் போன்ற தேசியப் பூங்காக்களுக்குப் பார்க்ஸ் கனடா எழுதுவதும் அதே தளத்தில் கிடைக்கும். ஐந்து நிலைகள். பச்சை என்றால் குறைவு, மஞ்சள் மிதம், ஆரஞ்சு கணிசம், சிவப்பு அதிகம், கறுப்பு உச்சம். மரம் வளராத உச்சிப் பகுதி, மர எல்லை, அதற்குக் கீழே என்று மூன்று உயரத்துக்கும் தனித்தனி நிறம்.

பலர் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். மஞ்சள்தானே, போகலாம் என்கிறார்கள். கீழே இருப்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பிரச்சினையின் வகை என்ன? புயல் பாளமா, காற்று அடித்துச் சேர்த்த பாளமா, வலுவில்லாத அடுக்கின்மேல் வாரக்கணக்கில் நிற்கும் நாள்பட்ட பாளமா, ஆழத்தில் இருக்கும் நாள்பட்ட பாளமா? வகைக்கு வகை நாம் நடந்துகொள்ள வேண்டிய விதம் மாறுகிறது.

புயல் பாளம் இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும், காத்திருந்தால் போதும். காற்றுப் பாளத்தைக் கண்ணால் பார்க்கலாம். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகமாகக் காற்று பனியை ஓரிடத்தில் கொண்டுவந்து குவிக்கும், அதுவும் முகட்டின் மறுபக்கம்தான் குவிக்கும். அந்தப் பக்கத்தைத் தவிர்த்தால் நல்ல நாளாக அமையும். ஆழத்தில் இருக்கும் நாள்பட்ட பாளத்தை எப்படித் தவிர்ப்பது? மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்துப் பேர் சறுக்கிய தடம் அதே சரிவில் இருக்கும். பதினொன்றாவது ஆள் பனி மெலிந்த ஒரு பாறை ஓரத்தில் ஸ்கீயை வைப்பார், அங்கே அடி அடுக்கு மேற்பரப்புக்கு அருகில் இருக்கும், அது உடையும், உடைவு நூறு மீட்டர் ஓடிப்போய் மொத்தச் சரிவையும் தரை வரைக்கும் இறக்கும். நடக்கிற வாய்ப்பு குறைவு என்பதால் நிறம் மஞ்சளில் இருக்கலாம். நடந்தால் பிழைப்பது கடினம். மஞ்சள் என்ற ஒரே நிறத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

2022-23 குளிர்காலம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியிலும் ராக்கியிலும் நவம்பரில் கொஞ்சம் பனி பெய்தது, அப்புறம் வறட்சியும் கடுங்குளிரும். மேலே சொன்ன கணக்குப்படி அந்தப் பனி முழுக்க ஃபேசெட்டாக மாறியது. அதன்மேல் குளிர்காலம் முழுதும் பனி ஏறியது. ஜனவரியிலேயே அவலாஞ்ச் கனடா, 2003-ஆம் ஆண்டின் பனியோடு இது ஒத்திருக்கிறது என்று வெளிப்படையாக எச்சரித்தது. கனடாவில் மலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஆண்டைச் சொன்னாலே போதும். அந்தக் குளிர்காலத்தில் நான் செங்குத்தான சரிவு எதிலும் போகவில்லை. மார்ச் வரை மரங்களுக்கு இடையே, 25 டிகிரிக்குள்தான். அது எனக்கு இழப்பாகத் தோன்றியதே இல்லை. அந்த ஆண்டு பார்த்த காடுகளை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

சியோப்ஸ் மலையின் அடியில்

2003 ஜனவரி 20. ரெவல்ஸ்டோக் நகருக்கு வடக்கே டுராண்ட் பனியாற்றுப் பகுதியில் வழிகாட்டியோடு போன குழுவில் 7 பேர் இறந்தார்கள். புகழ்பெற்ற ஸ்னோபோர்டு வீரர் க்ரெய்க் கெல்லி அவர்களில் ஒருவர். அது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் கணவாயின் கனாட் க்ரீக் பள்ளத்தாக்கில், ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த ஒரு பள்ளியின் குழு பாலு கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 14 மாணவர்கள், 3 பெரியவர்கள். சியோப்ஸ் மலையின் வடக்கு முகத்திலிருந்து பனிச்சரிவு தானாகக் கிளம்பி இறங்கியது. 7 மாணவர்கள் இறந்துபோனார்கள். அருகிலிருந்த இரண்டு மலை வழிகாட்டிகள் ஓடிவந்து தோண்டியிராவிட்டால் இன்னும் பலர் போயிருப்பார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் நான் நடந்திருக்கிறேன். அடியில் வழி சமதளம் மாதிரிதான் இருக்கும், ஓடை பக்கத்திலேயே வரும். செங்குத்து எதுவும் கிடையாது. அந்தப் பிள்ளைகள் செங்குத்தான சரிவில் ஏறவே இல்லை. அவர்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருந்தார்கள். பனி மேலேயிருந்து வந்தது. அன்றைய முன்னறிவிப்பில் உச்சிப் பகுதிக்கும் மர எல்லைக்கும் ‘கணிசம்’, அதற்குக் கீழே ‘மிதம்’ என்று இருந்தது. கீழே மிதம் என்பது கீழே தொடங்கும் பனிச்சரிவுக்குத்தான். மேலே தொடங்கி இறங்கி வருவதற்கு உயரப் பட்டைகள் தெரியாது. எனவே எங்கே நடந்தாலும் காலடியைப் பார்ப்பதோடு தலைக்கு மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் என்ன தொங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். நான் வரைபடத்தில் முதலில் தேடுவது இதைத்தான். மரமே இல்லாத நீளப் பட்டைகள் மலைமேலிருந்து பள்ளத்தாக்கு வரை இறங்கினால் அது பனிச்சரிவு ஓடும் பாதை. மரங்கள் இருந்து, மலையின் மேட்டுப்பக்கம் பார்த்த கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தாலும் அப்படித்தான்.

அதே சியோப்ஸ் 1910-இலும் வருகிறது. அந்த ஆண்டு மார்ச் 4 இரவு சியோப்ஸிலிருந்து இறங்கிய பனி ரயில் பாதையை மூடிவிட்டது. அதை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொரு சரிவு விழுந்தது. 58 பேர் இறந்தார்கள், அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். ரயில்வே கடைசியில் அந்தக் கணவாயை விட்டு மலைக்குள்ளே போய்விட்டது. 8 கிலோமீட்டர் நீளக் கனாட் சுரங்கம் 1916-இல் திறக்கப்பட்டது. பிறகு 1962-இல் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை அதே கணவாய் வழியாக வந்தபோது ராணுவத்தின் பீரங்கியும் கூட வந்தது. இன்றும் கனடிய ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் சரிவுகளைச் சுட்டு, சாலைக்குமேல் பனி பெரிதாகச் சேர்வதற்குள் இறக்கிவிடுகிறது. அதனால்தான் அங்கே குளிர்காலத்தில் அனுமதிச் சீட்டு முறை இருக்கிறது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று காலையில் அறிவிப்பார்கள். மூடிய பகுதியில் நுழைவது குண்டு விழும் இடத்தில் நிற்பதற்குச் சமம். தயவுசெய்து அதை மீற வேண்டாம். நாம் மீறினால் சுடுகிறவர்கள் நிறுத்த வேண்டியிருக்கும், நெடுஞ்சாலையில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும், முறையே ரத்தாகிவிடும் ஆபத்தும் உண்டு.

2003-க்குப் பிறகு கனடாவில் நிறைய மாறியது. நாடு முழுவதுக்குமான பனிச்சரிவு மையம் 2004-இல் தொடங்கப்பட்டது. இன்றைய அவலாஞ்ச் கனடா அதுதான். வழிகளை எளிது, சவாலானது, சிக்கலானது என்று நிலப்பரப்பை வைத்தே வகை பிரித்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகும் குழுக்களுக்குத் தனி விதிகள் வந்தன. சிக்கலான நிலப்பரப்புக்கு அவர்களைக் கூட்டிப்போகவே கூடாது. நிலப்பரப்பின் வகை நாளுக்கு நாள் மாறாது. பனியைப் பற்றி நாம் நினைப்பது தவறாக இருக்கலாம், சாய்வு ஏமாற்றாது. வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

போ சமிட்டில் கேட்ட சத்தம்

என்னோடு பெரும்பாலும் வருகிறவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயதுக்குமேல் மூத்தவர். ஐஸ்ஃபீல்ட்ஸ் நெடுஞ்சாலையில் போ சமிட் எங்களுக்குப் பிடித்த இடம். காரை நிறுத்துமிடமே 2,000 மீட்டருக்கு மேல், அதனால் சீக்கிரம் நல்ல பனிக்குப் போய்விடலாம்; மரங்களுக்கு இடையே சாய்வு குறைந்த இடங்களும் தாராளமாக உண்டு.

ஒரு ஜனவரி காலை. இரண்டு நாளுக்கு முன் 30 சென்டிமீட்டர் புதுப்பனி, முந்தைய மாலை தென்மேற்குக் காற்று. முன்னறிவிப்பில் மஞ்சள், நாள்பட்ட பாளம், மர எல்லையிலும் மேலும். மரங்கள் முடிகிற இடத்தில் சமமான திறந்தவெளி ஒன்று வரும். அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் நாலு அடி வைத்ததும் காலுக்கு அடியில் ‘வும்ஃப்’ என்று ஒரு சத்தம், தரையே ஒரு விரற்கடை இறங்கின மாதிரி. பத்து மீட்டர் தள்ளி நின்ற சின்ன மரத்திலிருந்து பனி உதிர்ந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். “தங்கச்சி, கேட்டனீரோ?”

“கேட்டுச்சுண்ணா. அந்த மரமும் ஆடுச்சு.”

“ஓம். இண்டைக்கு மேல வேண்டாம். மரத்துக்குள்ளயே ஓடுவம்.”

அவ்வளவுதான் பேச்சு. அந்தச் சத்தம் அடியில் இருக்கும் அடுக்கு நொறுங்கிய சத்தம். நாங்கள் நின்ற இடம் சமதளம், அதனால் பனி போவதற்கு இடமில்லை. இதே நொறுங்கல் 35 டிகிரி சரிவில் நடந்திருந்தால் அது பனிச்சரிவு. சத்தம் கேட்டது, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடியது, பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி இறங்கியிருக்கிறது: இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் அதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை. மலை நேராகவே சொல்லிவிட்டது.

அன்றும் பனியின் அடுக்குகளைப் பார்க்க ஒரு குழி தோண்டினோம், கற்றுக்கொள்வதற்காக. 30 சென்டிமீட்டர் அகலமும் அவ்வளவே ஆழமுமாக ஒரு தூண் வெட்டி, மேலே மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முழங்கைக்கு வந்து இரண்டாவது தட்டிலேயே, மேலிருந்து ஒரு முழத்தில், மேல்பகுதி அப்படியே தகடாக நழுவி மடியில் விழுந்தது. உடைந்த முகம் வழுவழுவென்று நேராக இருந்தது. அண்ணன் லென்ஸை வைத்துப் படிகங்களைக் காட்டினார். குழியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு: குழி ‘வேண்டாம்’ என்று சொன்னால் நம்புங்கள். ‘போகலாம்’ என்று சொன்னால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு விடை வரும்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து அவலாஞ்ச் கனடாவின் பொதுமக்கள் தகவல் பக்கத்தில் நேரம், உயரம், திசை, படம் எல்லாம் போட்டோம். முன்னறிவிப்பு எழுதுகிறவர்களால் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் போக முடியாது. நம்மைப் போன்றவர்கள் அனுப்புவதும் அவர்களுக்கு வேண்டும். நல்ல நாளாக இருந்து ஒன்றுமே நடக்காவிட்டாலும் அனுப்புங்கள், அதுவும் தகவல்தான்.

பதினைந்து நிமிடம்

ஊரில் பனிச்சரிவு என்றால் பலருக்கு நினைவில் இருப்பது 2016 சியாச்சின். பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமென்டின் 10 வீரர்கள் புதைந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அவர்களில் உண்டு. ஆறு நாள் கழித்து ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார், பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்துபோனார். அவர் இருந்த கூடாரத்துக்குள் காற்றுக்கு இடம் இருந்ததாக அப்போது செய்தி வந்தது. அம்மா அதை இன்னும் சொல்வாள், ஆறு நாள் இருந்திருக்கானே பாவம் என்று. அந்த வீரரின் உறுதியை நானும் மறக்கவில்லை. ஆனால் அதை வைத்து, புதைந்தால் தோண்டுவதற்கு நேரம் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

வெறும் பனிக்குள் புதைந்தவருக்கு நிமிடங்கள்தான். முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 15 நிமிடத்தைத் தாண்டும்போது பிழைக்கும் வாய்ப்பு சட்டென்று இறங்குகிறது, அரை மணி நேரத்துக்குப் பிறகு பிழைப்பவர்கள் சிலரே. விடும் மூச்சே முகத்துக்கு முன்னால் உறைந்து காற்றை அடைத்துவிடும். கனடாவில் இறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மூச்சு முட்டுவதற்கு முன்பே மரத்திலோ பாறையிலோ மோதிய காயத்தால் போய்விடுகிறார்கள். அவர்களை எந்தக் கருவியும் காப்பாற்றாது. உதவிக்கு ஹெலிகாப்டர் வருவதற்குள் இந்த நேரம் முடிந்துவிடும். தோண்ட வேண்டியது கூட வந்தவர்கள்தான்.

எனவே ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்ட 457 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் ரேடியோக் கருவியான டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் புரோப் என்ற நீளக் குச்சி, உலோக மண்வெட்டி. பிளாஸ்டிக் மண்வெட்டி வேண்டாம். ஓடி நின்ற பனி உடனே இறுகிவிடும், பிளாஸ்டிக் உடைந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். நேர் மேலிருந்து தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நின்று உள்நோக்கித் தோண்டுங்கள். ஃபோன், சூடேற்றும் கையுறை, ஆக்‌ஷன் கேமரா எல்லாம் டிரான்ஸீவரைக் குழப்பும்: ஒலிபரப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கார் நிறுத்துமிடத்தில் கிளம்புமுன் ஒருவர் பெறும் நிலையில் வைத்து நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போய், எல்லாருடையதும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அது இல்லாமல் கிளம்புவதே இல்லை. ஆபத்தான சரிவைக் கடக்க வேண்டி வந்தால் ஒருவர் ஒருவராக, மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்தபடி.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஏஎஸ்டி 1 என்ற இரண்டு நாள் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு. ஒரு நாள் அறையில், ஒரு நாள் பனியில். அதற்கு முன்பே அவலாஞ்ச் கனடா தளத்தில் இருக்கும் இலவசப் பாடத்தைப் படித்துவிடலாம். பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூவில் நடக்கிறவர்களுக்கும் இது வேண்டும். நாங்கள் நடக்கத்தானே போகிறோம் என்று நம்மவர்கள் பலர் சொல்கிறார்கள். கனாட் க்ரீக்கை நினைத்து அவர்களிடம் நான் விடாமல் பேசுவேன்.

மார்ச்சுக்குப் பிறகு

வசந்தம் வந்தால் பனியின் பாடமே மாறிவிடும். இரவில் மேற்பரப்பு உறைந்து கெட்டியாகும், காலையில் அதன்மேல் ஏறுவது சுகம். வெயில் ஏற ஏற, முதலில் கிழக்கு நோக்கிய சரிவு, அப்புறம் தெற்கு, பிறகு மேற்கு என்று வரிசையாக இளகும். ஸ்கீயிலிருந்து பனி உருண்டைகள் தானாகக் கீழே ஓட ஆரம்பித்தால் அந்தச் சரிவை விட்டு இறங்கும் நேரம். முகட்டில் காற்று கட்டிய கார்னிஸ்கள், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனி விளிம்புகள், இந்தச் சூட்டில் உடைந்து விழும். அவற்றின் அடியில் மதியத்துக்குப் பிறகு நிற்கக்கூடாது. நவம்பர் அடுக்கு இன்னும் உள்ளே இருந்தால், உருகிய நீர் அதுவரை இறங்கும்போது மறுபடியும் விழித்துக்கொள்ளலாம் என்பதையும் மறக்காமல் இருக்க வேண்டும்.

அதனால் ரோஜர்ஸ் கணவாய்க்குப் போகும்போது நாங்கள் விடியற்காலை இரண்டு மணிக்கே கல்கரியை விட்டுக் கிளம்புவோம். வழியில் கோல்டனில் நிறுத்தி, ஃபிடெலிட்டி நிலையத்தின் இரவு வெப்பநிலையை ஃபோனில் பார்ப்போம். மைனஸில் இறங்கி, வானமும் தெளிவாக இருந்தால் தொடர்ந்து ஓட்டுவோம், மதியத்துக்குள் மலையை விட்டு இறங்குகிற மாதிரி. இரவு உறையவில்லை என்றால் கோல்டனிலேயே காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு, பள்ளத்தாக்கில் கொஞ்சம் நடந்துவிட்டு வீடு திரும்புவோம்.